சக்கா சந்தில் ஒரு கஹ்கு அடுப்பு

ரதீபாவுக்கு இப்போது எங்கள் சந்து முனையில் ஒரு கடை இருக்கிறது. பச்சைப் பலகையில் அவள் பெயர் வலப்பக்கம் சரிந்து கிடக்கும். எழுதியவன் என் மச்சான். கூலியாக இரண்டு கிலோ கஹ்கு, அதுதான் எங்கள் ஊர்ப் பெருநாள் பிஸ்கட், வாங்கிக்கொண்டு போனவன், எழுத்தை நேராக்க வாடா என்று சொல்லி ஐந்து வருஷமாகிறது, இன்னும் வந்தபாடில்லை.

கடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் அவள் கையைத்தான் புகழ்கிறார்கள். நல்ல கைதான், யார் இல்லை என்றார்கள்? வாயில் போட்டதும் கரைகிற மாதிரி கஹ்கு சுட எங்கள் மின்யா ஊர் முழுக்கத் தேடினாலும் இன்னொருத்தி கிடைக்க மாட்டாள். ஆனால் கை இருந்தால் கடை வந்துவிடுமா? எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான். அதனால்தான் நான் சொல்கிறேன்.

என் பெயர் லபீப். ரதீபா வீட்டுக்கு எதிர்வாசலில் முப்பத்திரண்டு வருஷமாக இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு வேலை போச்சு, யார் பெண் பார்க்கப் போகிறான் என்பதெல்லாம் எனக்குச் சட்டை வழியாகவே தெரிந்துவிடும். கர்த்தர் என்னைக் கோபக்காரனாகப் படைத்துக் கையில் சூடான இஸ்திரிப் பெட்டியையும் கொடுத்திருக்கிறார். இதுவரை யாரையும் சுட்டதில்லை. அதற்கே எனக்கு ஒரு மாலை போடலாம்.

ரதீபாவின் புருஷன் மஹ்ரூஸ் சுவர் பூசுகிறவன். ஒன்பது வருஷம் லிபியாவில் பூசினான். அங்கே சண்டை முற்றியதும் ஒரு தோள்பையோடு திரும்பி வந்தான். கடைசி நாலு மாசக் கூலியும் வரவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். மின்யாவில் பூச்சு வேலை வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் பெரிய விஷயம்.

அதற்கு முன்பும் எங்கள் சந்தில் பெருநாள் வந்தால் எல்லார் வீட்டிலும் ரதீபாதான். மாவில் நெய்யைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவாள், பிசைவாள், பேரீச்சம்பழம் வைத்து உருட்டுவாள், சின்ன இடுக்கியால் கிள்ளிக் கிள்ளிக் கோலம் போடுவாள். எங்கள் ஈஸ்டருக்கும் அவள்தான் வருவாள். போகும்போது ஒரு தட்டுக் கஹ்கு கையில் கொடுப்போம், அவ்வளவுதான்.

என் மனைவி மார்ஸாதான் ஒருநாள் பேச்சை எடுத்தாள்.

"ஏன்டி, ஊருக்கெல்லாம் சும்மா சுட்டுக் குடுத்தியே, இனிமே காசுக்குச் சுடேன்."

"அக்கம்பக்கத்துல காசு வாங்கினா மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன் அக்கா?"

"நாங்க எங்கடி குடுக்கப்போறோம்? அந்தப் பயமே உனக்கு வேணாம். வெளிய விக்கச் சொல்றேன்."

அப்படி ஆரம்பித்ததுதான். அஸ்யூத்தில் மூடப்போகிற மிட்டாய்க் கடை ஒன்றில் பழைய அடுப்பு மலிவாக வருகிறது என்று கேள்விப்பட்டோம். இரண்டு கதவு வைத்த இரும்பு அடுப்பு. ரதீபாவின் வளையல் அதற்குப் போனது. கொண்டுவர வண்டி? லாரி ஓட்டுகிற ஸப்ரி இருந்தான். ரதீபாவுக்கு மூன்றாவது வீடு, முப்பது வயசுப் பையன், வாயைத் திறந்தால் கிண்டல். சிமெண்டு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அடுப்பை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். காசு கொடுக்கப் போனாள் ரதீபா.

"காச வெச்சுக்க. மொதல்ல இது உள்ள போகுமான்னு பாரு. அடுப்பு கேட்டியா, கலெக்டர் ஆபீஸ் கேட்டியா?"

உள்ளே போகவில்லைதான். நிலைக்கதவைப் பெயர்த்தோம். சந்தே கை போட்டது. நானும் ஒரு ஓரம் பிடித்தேன். நான் பிடித்ததைவிடக் கத்தியதுதான் அதிகம் என்று மார்ஸா இன்றைக்கும் சொல்வாள். அடுப்பு உள்ளே போனதும் மஹ்ரூஸ் நிலையைத் திரும்ப வைத்துப் பூசினான். மளிகைக் கடை ஹிஃப்னி மாவு மூட்டையும் நெய் டின்னுமாக அனுப்பி, "பெருநாள் கழிச்சுப் பேசிக்கலாம்" என்றான். வீட்டுக்கு வீடு தட்டு வந்தது. நாலு பெண்கள் காலையில் கைவேலைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

எனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்தது. ஜூலை மாச நோன்பு. சுடுகிறவர்கள் யாரும் வாயில் வைத்துப் பார்க்க முடியாது. நெய் காறியிருக்கிறதா, சீனி போதுமா என்று யார் சொல்வது? கிறிஸ்தவன் லபீப்தான். தட்டு வெளியே வந்ததும் ஜன்னலிலிருந்து குரல் வரும்.

"லபீப் மாமா, நாக்கக் கொண்டாங்க!"

புதனும் வெள்ளியும் எங்களுக்கும் விரதம், நெய் ஆகாது. அந்த இரண்டு நாளும் சந்தில் ருசி பார்க்க ஆளே கிடையாது. மற்ற நாளெல்லாம் நான் மூன்று சுற்றுப் பெருத்துப்போனேன்.

பஞ்சாலை ஆபீசிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. தொழிலாளிகளுக்குப் பெருநாள் பெட்டி, முந்நூறு கிலோ, நோன்பு இருபத்தேழுக்குள் கொடுக்க வேண்டும். அன்றைக்கு மஹ்ரூஸ் என் கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

"பெங்காசியில ஒருத்தன் கூப்பிட்டுட்டே இருக்கான் மாமா. இந்த ஆர்டர் நல்லபடியா முடிஞ்சா இங்கயே இருந்துருவேன். இல்லாட்டி போய்த்தான் ஆகணும்."

"அங்க சுட்டுத் தள்ளுறானுங்களேடா!"

"பசி சுடாதா மாமா?"

 அந்த ஆர்டரில் மாட்டியிருந்தது கஹ்கு மட்டுமல்ல, இவன் தலையும்தான் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

நோன்பு பதினேழு அன்று ஸப்ரி பாலைவன ரோட்டில் செத்துப்போனான். டயர் வெடித்து லாரி உருண்டதாம். பகல் பன்னிரண்டு மணிக்குச் சேதி வந்தது. அவன் தாய் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த சட்டை கருகிப் புகை வந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அந்த அம்மாவைத் தலைப்பிள்ளை பெயரைச் சேர்த்து உம்மு ஸப்ரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஸப்ரியைப் பெற்றவள் என்று அர்த்தம். அடக்கம் முடிந்து வந்த பிறகு யாருக்கும் அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. "ஹாஜ்ஜா" என்று பெரிய மனுஷிகளைக் கூப்பிடுகிற பொதுப் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். பெரிய மரியாதை செய்கிறோம் என்று எங்களுக்கு நினைப்பு.

ரதீபா அன்றைக்கே அடுப்பை அணைத்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. மௌத்து விழுந்த சந்தில் கஹ்கு வாசனை எழக்கூடாது. இது அவர்கள் பெருநாளுக்கும் எங்கள் பண்டிகைக்கும் பொதுவான சட்டம். மற்ற வீட்டுப் பெண்கள் சுட வேண்டுமானால் துக்க வீட்டுக்குப் போய் உத்தரவு கேட்க வேண்டும். அவர்கள் கொடுத்தால் சுடலாம்.

போய்க் கேட்கத் துணிந்தவர் யாரும் இல்லை. முப்பது வயசுப் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவளிடம் நெய், சீனி என்று எந்த வாயால் பேசுவது? மூன்று நாள் போனது, நாலாவது நாளும் போனது. ஹிஃப்னியின் நெய் ஜூலை வெயிலில் டின்னுக்குள் உருகிக்கொண்டிருந்தது. செய்து முடித்திருந்தது அறுபது கிலோ. வேறு தெருவுக்குப் போய்ச் சுடலாம் என்றால் அந்த அடுப்பை மறுபடி யார் தூக்குவது?

இருபத்தியோராம் நோன்பன்று மஹ்ரூஸ் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். லிபியாவிலிருந்து வந்த அன்று போட்டிருந்த சட்டை. அதற்கப்புறம் அதை அவன் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"மடிச்சுக் குடுங்க மாமா, தொங்கவிட வேணாம். பைக்குள்ள வெக்கணும்."

நான் அந்தச் சட்டையைத் தொடவே இல்லை. மேசைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு நேரே ரதீபா வீட்டுக்குப் போனேன். அங்கேதான் இந்த மடையன் லபீப் ஒரு யோசனை சொன்னான்.

"ஜன்னலையெல்லாம் சாத்து. இடுக்குல ஈரத்துணி அடை. கதவைத் திறக்காம சுடு. வாசனை கொஞ்சம் வெளிய வந்தாலும் நான் என் கடையில கோயில் சாம்பிராணி போட்டுக்கிட்டே இருக்கேன், யாருக்கும் தெரியாது."

ரதீபா தயங்கினாள். பக்கத்தில் இருந்த மார்ஸா என்னை முறைத்தாள்.

"நெய் வாசத்தச் சாம்பிராணி மறைக்குமா? உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"நீ கம்முனு இரு. ஒரு உசிரு லிபியாவுக்குக் கிளம்பிட்டிருக்கு."

அதைக் கேட்டதும் ரதீபா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

அந்த இரண்டு நாள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. உள்ளே அடுப்பு. ஐந்து பெண்களும் நோன்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பேசாமல், தட்டுச் சத்தம் கேட்காமல், திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் போல வேலை செய்தார்கள். எதிரே நான் ஒருத்தன் இஸ்திரியை விட்டுவிட்டுச் சாம்பிராணிப் புகைக்கு நடுவே இருமிக்கொண்டிருந்தேன். சட்டை வாங்க வந்தவன் கேட்டான், "என்ன மாமா, கடையில மாதா காட்சி குடுத்தாங்களா?"

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு உள்ளே தடாலென்று ஒரு சத்தம். சனிய்யா மயங்கி விழுந்துவிட்டாள்; உருட்டுகிற வேலைக்கு வந்தவர்களில் சின்னவள் அவள். கதவைத் திறந்து அவளை வாசலுக்கு இழுத்து வந்தார்கள். இரண்டு நாளாக அடைத்து வைத்திருந்த நெய் வாசனையும் எள் வாசனையும் ஒரே மூச்சில் வெளியே பாய்ந்து சந்து முழுக்க நிறைந்தன. நாங்கள் எல்லாரும் சனிய்யாவைப் பார்க்காமல் ஸப்ரியின் தாய் இருக்கும் மூன்றாவது வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த வாசலிலிருந்து அவள் வந்தாள். தலை முதல் கால்வரை கறுப்பு. ஆறு நாளில் பத்து வயசு கூடியிருந்தது. நேரே வந்து சனிய்யா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நின்னு வேடிக்கை பாக்குறீங்களே, வெங்காயம் ஒண்ணு ஒடச்சுக் கொண்டாங்கடி. மூஞ்சில தண்ணியத் தெளிங்க."

வெங்காயத்தை மூக்கில் வைத்ததும் சனிய்யா கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தைத் தன் கறுப்பு முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"லபீப், உன் கடையில என்ன, பேய் ஓட்டுறியா?"

நான் கையிலிருந்த சாம்பிராணிக் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"ரெண்டு நாளா சாம்பிராணி. அதுக்குள்ள நெய் வாசம். அழுது அழுது என் கண்ணுதான் வீங்கிருக்கு, மூக்கு நல்லாத்தான் இருக்கு."

ரதீபா முன்னால் வந்தாள். "ஹாஜ்ஜா, மன்னிச்சிருங்க..."

"ஹாஜ்ஜாவா? போன வாரம் வரைக்கும் உம்மு ஸப்ரிதானே நான்? புள்ள போனா பேரும் போயிருமா? அவன் பேரச் சொல்ல ஒரு வாயும் இல்லாமப்போச்சா இந்தச் சந்துல?"

எழப் பார்த்த சனிய்யாவைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"எத்தன வீட்டுக்கு நான் உத்தரவு கேக்கப் போயிருக்கேன். ஹிஃப்னி பொண்டாட்டி செத்தப்போ போய்க் கேட்டேன். மார்ஸா, உன் மாமனார் செத்தப்போ உங்க வீட்டுல வந்து கேட்டேனா இல்லியா? என் வீட்டுக்கும் வருவீங்கன்னு வாசலையே பாத்துட்டிருந்தேன். கதவு தட்டுற சத்தம் கேட்டா ரதீபான்னு நெனச்சேன். ஒருத்தி வரல. எனக்கு வலிக்கும்னு நெனச்சு என்னயச் சந்துலருந்தே தள்ளி வெச்சுட்டீங்க. புள்ளயும் இல்ல, இப்ப சந்தும் இல்ல எனக்கு."

ரதீபா அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "வாய் வரல உம்மு ஸப்ரி. அவன் கொண்டுவந்து எறக்கின அடுப்பு. அதப் பத்த வெக்கட்டுமான்னு உங்ககிட்டயே எப்படிக் கேப்பேன்?"

"இப்பக் கேளு."

ரதீபா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"உம்மு ஸப்ரி, அடுப்பு பத்த வெச்சுக்கட்டுமா?"

அந்த அம்மா அழுதாள். நாங்கள் பார்க்க, மறைக்காமல், சத்தம் போட்டு அழுதாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும்தான் அழுதேன், சாம்பிராணி மேல் பழியைப் போட்டுவிட்டு. கடைசியில் அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"பத்த வை. அந்த ஜன்னலயெல்லாம் திற மொதல்ல. புள்ளைங்களக் கொன்னுபோடப் பாத்தியே."

அன்று மதியத்திலிருந்து சந்தே ரதீபா வீட்டில்தான். எட்டுப் பெண்கள், பத்துப் பெண்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். உம்மு ஸப்ரியும் தினம் வந்து ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவாள். இடுக்கியைத் தொட மாட்டாள். துக்கத்தில் இருக்கிறவள் கோலம் போடக் கூடாது. உருண்டை பிடித்துக் கொடுப்பாள். நடுநடுவே கை நின்றுவிடும். பக்கத்தில் இருக்கிறவள் ஒன்றும் பேசாமல் ஒரு பிடி மாவை அந்தக் கையில் வைப்பாள், மறுபடி உருட்டத் தொடங்குவாள். இருபத்தேழாம் நோன்பு மதியம் பஞ்சாலை வண்டி வந்து முந்நூறு கிலோவையும் ஏற்றிக்கொண்டு போனது.

மறுநாள் அவள் ரதீபாவிடம் ஒரு ஆர்டர் கொடுத்தாள்.

"என் வீட்டுல நான் மாவு பிசைய மாட்டேன். ஆனா பெருநாள் காலையில புள்ள கபருக்கு வெறுங்கையோட போக முடியுமா? அங்க வர்றவங்களுக்குக் குடுக்கணும். பத்துக் கிலோ சுடு. மேல சீனி தூவாத."

சொல்லிக்கொண்டே பணத்தை எடுத்து நீட்டினாள். ரதீபா பாம்பைக் கண்டவள் போலப் பின்னால் போனாள்.

"உங்ககிட்டப் போய்க் காசு வாங்குவேனா? அந்த அடுப்பையே ஒடச்சுப் போட்டுருவேன்!"

"வாங்குடி. உன் காசுல குடுத்தா நன்மை உனக்குப் போகும். என் காசுல குடுத்தாத்தான் என் புள்ளைக்குப் போகும். அவனுக்கு வேணும்டி."

ரதீபா இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள். சந்துக்காரர் ஒருவரிடம் அவள் வாங்கிய முதல் காசு அது. அதற்கப்புறம் நாங்களும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், மார்ஸா உட்பட.

பெருநாள் காலைத் தொழுகை முடிந்ததும் எல்லாரும் படகேறி ஆற்றின் கிழக்குக் கரைக்குப் போனோம். கபருஸ்தான் அங்கேதான். நானும் மார்ஸாவும் போனோம். கஹ்குக் கூடையை மஹ்ரூஸ் தோளில் சுமந்து வந்தான். புது மண் இன்னும் மேடாகவே இருந்தது. உம்மு ஸப்ரி அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"ஸப்ரிக்காக துஆ செய்ங்க. என் மவன் ஸப்ரி."

அக்கரை ஊர்க்காரி ஒருத்தி வாங்கி ஒரு கடி கடித்தாள். கண்ணை அகல விரித்து, "அல்லா அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும் தாயே. இது யாரு சுட்டது?" என்றாள்.

உம்மு ஸப்ரி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்க ரதீபா சுட்டது. எறங்குதுறைக்குப் பின்னால சக்கா சந்து, இஸ்திரிக் கடைக்கு எதிர்வீடு. கல்யாணம் காட்சின்னா அங்க போய்ச் சொல்லு, ஸப்ரியோட அம்மா அனுப்பினான்னு சொல்லு."

அதற்கப்புறம் வந்த ஒவ்வொருவரிடமும் இரண்டையும் சேர்த்தே சொன்னாள். முதலில் மகனுக்கு துஆ, அடுத்து ரதீபாவின் முகவரி. பெற்ற பிள்ளையின் கபர் மேல் கையை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரிக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்தாள் அந்த மகராசி. ரதீபா மார்ஸாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். இஸ்திரிக் கடையும் அந்த முகவரிக்குள் வந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடை காலியானது. மஹ்ரூஸ் அதைக் கவிழ்த்துத் தட்டித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"பத்துக் கிலோ பத்தல உம்மு ஸப்ரி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ரெண்டு கூடை கொண்டாரணும்."

ரதீபா சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீங்க இங்கயா இருப்பீங்க?"

"பின்ன? கூடைய யாரு தூக்குறது, லபீப் மாமாவா?"